"கரண்டு" தப்புத் தமிழா? மோட்டார் காயில் கட்டுற ஒருத்தனோட நீளமான பதில்

கேள்விய ஒரு தடவை சொல்லிடறேன். மூணாவது படிக்கிற பையன் "எங்கள் வீட்டில் கரண்டு இல்லை"ன்னு நோட்டுல எழுதிருக்கான், டீச்சர் கரண்டச் சுழிச்சு மேல மின்சாரம்னு எழுதி அனுப்பிருக்காங்க, அதப் பாத்துட்டு அப்பத்தா "கரண்டு தமிழ் இல்லாம பின்ன என்ன, எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அதத்தான் சொல்றேன்"னு சண்டைக்கு வந்துட்டாங்க. யாரு சொல்றது சரி, ஊருக்குள்ள ஏன் ஒருத்தரும் மின்சாரம்னு சொல்றதில்ல, இதான் கேட்டிருக்கீங்க.

கட்டுரை நோட்டுல டீச்சர் பண்ணது சரி, அதுல பேச ஒண்ணுமில்ல. ஆனா அப்பத்தா பக்கம் நீங்க நினைக்கிறதவிட நியாயம் ஜாஸ்தி. நான் தமிழ் வாத்தியார் கிடையாது, கோபிசெட்டிபாளையம் பக்கம் 30 வருஷத்துக்கு மேல மோட்டார் காயில் கட்டுறவன், கூடவே வீட்டு வயரிங்கும் பாக்குறேன், அதனால ஊர்க்காரங்க கரண்டப் பத்தி என்னென்ன பாஷைல பேசுறாங்கன்னு காது நெறைய கேட்டிருக்கேன், அந்தப் பக்கத்துல இருந்துதான் என்னால சொல்ல முடியும்.

மொதல்ல வார்த்தையப் பாத்துடுவோம். இங்கிலீஷ்ல அது கரன்ட், நம்ம வாயில வந்தா கரண்டு. கடைசில ஒரு உகரம் ஒட்டிக்கும், நடுவுல இருக்குற ன்ட் அப்படியே ண்டு ஆயிரும். பெயிண்டு, ஏஜெண்டு, பாயிண்டு, சிமெண்டு, நிலம் அளக்குற செண்டு எல்லாம் இதே மாதிரி வந்ததுதான். இப்படி மாறி வந்த வார்த்தை அதுக்கப்புறம் தமிழ் இலக்கணத்துக்குத்தான் கட்டுப்படும், கரண்டுல, கரண்டுக்கு, கரண்டால, கரண்டாபீசு, கரண்டு கம்பம், கரண்டு பில்லு. உங்க அப்பத்தாவுக்கு அது வெளிநாட்டு வார்த்தைன்னே தோணாததுல ஆச்சரியம் ஒண்ணுமில்ல, சாவி போர்ச்சுகீஸ்ல இருந்து வந்ததுன்னு நமக்குத் தோணுதா என்ன.

நம்ம ஊர்ல மட்டும்னும் நினைச்சுடாதீங்க. தெலுங்குக்காரங்க, கன்னடக்காரங்க, மலையாளத்துக்காரங்க எல்லாருமே வீட்டுப் பேச்சுல கரண்டு போச்சுன்னுதான் சொல்றாங்க, அவங்கவங்க உச்சரிப்புல. வடக்க போனா இது மாறிடும், இந்தில மின்னலுக்கும் மின்சாரத்துக்கும் பிஜிலின்னு ஒரே வார்த்தை, நின்னு போச்சுன்னா "லைட் சலீ கயீ"ம்பாங்க, அதாவது லைட்டு போச்சு. யாழ்ப்பாணத்துல கறண்ட் நிண்டிட்டுதுன்னு சொல்றத நானே கேட்டிருக்கேன். அங்க சண்டை நடந்த 90கள்ல வருஷக்கணக்கா கரண்டே கிடையாது, சைக்கிள் டைனமோவ சுத்தி ரேடியோல செய்தி கேட்டாங்க.

நம்ம பக்கமும் பழைய ஆளுங்க லைட்டுன்னுதான் சொல்லுவாங்க. எங்க அம்மிச்சி, அதாவது அம்மாவோட அம்மா, கடைசி வரைக்கும் "லைட்டு பில்லு கட்டியாச்சா கண்ணு"ன்னுதான் கேப்பாங்க. ஏன்னா அவங்க வீட்டுக்கு சர்வீஸ் வந்தப்ப அதுல எரிஞ்சது ஆசாரத்துல (முன் கூடத்துல) ஒரு பல்பு, சமையல்கட்டுல ஒரு பல்பு, அவ்வளவுதான். பேன் இல்ல, மிக்சி இல்ல. வீட்டுக்கு வந்தது வெளக்குக்குப் பதிலா வந்த ஒரு சாமான், அதனால பேரும் லைட்டு. சாயங்காலம் சுவிட்சப் போட்டதும் பல்பப் பாத்து ஒரு கும்புடு போடுவாங்க, கரண்டு போய் ராத்திரி ஒம்பது மணிக்கு வந்தாலும் கை தானா மேல போகும். எண்ணெ வெளக்க அணைக்கச் சொல்ல மாட்டாங்க, குளிர வைன்னுதான் சொல்லணும், தானா அணைஞ்சா மலையேறிருச்சும்பாங்க. பல்புக்கு அந்த மரியாதையில பாதி கிடைச்சுச்சு, கும்புடு உண்டு, ஆனா "லைட்ட அமத்துடா"ன்னு சாதாரணமா சொல்லிருவாங்க.

லைட்டுங்கிற பேரு கரண்டா மாறினதுக்குக் காரணம் என்னைக் கேட்டா மோட்டார்தான். இது நான் பாத்த வரைக்கும் சொல்றது. வீட்டுக்குள்ள பல்பு எரியுற வரைக்கும் லைட்டுன்னு சொன்னாப் போதும், கெணத்துல மோட்டார் ஓடணும்னா அதுக்கு லைட்டுன்னு எப்படிச் சொல்றது? அதுக்கு முன்னாடி கவலை ஓட்டிட்டு இருந்தவங்க நாம, ரெண்டு மாடு பின்னாடியும் முன்னாடியும் நடந்து நடந்து தோல் பறியில தண்ணி எறைக்கும், விடிகாலை மூணு மணிக்கே கவலை பூட்டிருவாங்க. நீலகிரில பைக்காரா மின் நிலையம் 1932ல ஓட ஆரம்பிச்சுது, அது கோயமுத்தூர் மில்லுகளுக்குப் போச்சு, 1937ல மேட்டூர்லயும் வந்துருச்சு, அதுக்கப்புறம் 1957ல மெட்ராஸ் மாநில மின்சார வாரியம் ஆரம்பிச்சு தோட்டத்துக் கெணறுகளுக்கெல்லாம் லைன் இழுத்தாங்க. கெணறு கெணறா மோட்டார் எறங்கினப்ப மாட்டுக்குப் பதிலா கம்பிக்குள்ள ஓடி வர்ற ஒரு சக்திக்குப் பேரு தேவைப்பட்டுச்சு, வயர்மேனும் மோட்டார் கம்பெனிக்காரனும் சொன்ன பேரு கரண்டு, அது நின்னுருச்சு.

அதுவும் சும்மா நிக்கல, ரத்தம் சிந்தி நின்ன வார்த்தை இது. 1970ல விவசாயக் கரண்டுக்கு யூனிட்டுக்கு 8 பைசாவ 10 பைசா ஆக்கினாங்க, விவசாயிங்க தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமைல கொங்கு நாடே எந்திரிச்சு நின்னுச்சு, பெருமாநல்லூர்ல துப்பாக்கிச் சூட்டுல மூணு விவசாயிங்க செத்தாங்க. கடைசில அரசாங்கம் ஒரு பைசா குறைச்சுது. 1984ல சிறு விவசாயிங்களுக்கு இலவசம், 1990ல எல்லா விவசாயிங்களுக்கும் இலவசம்னு ஆனதுக்குப் பின்னாடி இந்தக் கதைதான் இருக்கு. அப்ப பேசின பெரியவங்க யாரும் "மின்சாரக் கட்டணம்"னு பேசினதா எனக்கு ஞாபகம் இல்ல, கரண்டு ரேட்டுன்னுதான் சொல்லுவாங்க.

சரி இப்ப உங்க அப்பத்தாவோட நியாயத்துக்கு வர்றேன். மின்சாரமும் கரண்டும் ஒரே பொருள்னு டிக்ஷனரி சொல்லும், பேச்சுல அப்படி இல்ல. கரண்டு வரும், போகும், நிக்கும், விடுவாங்க, நிறுத்துவாங்க, டல்லா வரும், வேகமா வரும், இழுக்கும், புடிக்கும், அடிக்கும். "மின்சாரம் டல்லா வருது"ன்னு எவனாச்சும் சொல்லிப் பாத்திருக்கீங்களா? இந்த வினையெல்லாம் எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிச்சா, பாதி தண்ணில இருந்து வந்தது. கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி விட்டுட்டாங்களா, தண்ணி நிறுத்திட்டாங்களா, கடைமடைக்குத் தண்ணி வரலையே, இதே பேச்சுதான் அப்படியே கரண்டுக்குப் போயிருக்கு, கரண்டு விட்டுட்டாங்களா, நிறுத்திட்டாங்களா, லைன் கடைசில இருக்கோம் வோல்டேஜே வரல. இங்கிலீஷ்லயும் கரன்ட்டுன்னா மொதல்ல ஆத்து நீரோட்டம்தான், மின்சாரத்துக்கு அந்தப் பேர வச்சதே தண்ணி மாதிரி ஓடுதுன்னு நினைச்சுத்தான். அறிவியல் புத்தகத்துல அதுக்கு மின்னோட்டம்னு போட்டிருப்பாங்க, பாருங்க, அதுலயும் ஓட்டம் இருக்கு. ஆக இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாத ஒரு விவசாயி, அந்த வார்த்தையோட வேர்ப்பொருள் என்னவோ அதே மாதிரி அதப் பேசிட்டு இருக்காரு. இது எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம்.

ஒரே ஒரு சங்கடம், புத்தகத்துல நாலஞ்சு வார்த்தையா பிரிச்சு வச்சிருக்கிறத ஊர்ல ஒரே வார்த்தைல அடக்கிருவாங்க. மின்னழுத்தம் குறைஞ்சா "கரண்டு டல்லு", யூனிட்டு ஜாஸ்தி ஓடுனா "கரண்டு இழுக்குது", சப்ளை நின்னா "கரண்டு இல்ல", ஷாக் அடிச்சா "கரண்டு அடிச்சிருச்சு". 1000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு யூனிட்டு, 9 வாட் எல்ஈடி பல்பு அதே ஒரு யூனிட்டுல 111 மணி நேரம் எரியும், ஆனா என்னைக் கூப்புட்டு "பல்பு கரண்டு இழுக்குதா பாருங்க"ன்னு கேக்குறவங்கதான் ஜாஸ்தி, ஹீட்டரப் பத்தி யாரும் வாயத் தொறக்கறதில்ல. பழைய ஜீரோ வாட் பல்பு பேருலதான் ஜீரோ, அது 15 வாட் வரைக்கும் இழுக்கும், ராத்திரி பூரா எரிய விட்டு "ஜீரோதானே"ன்னு இருந்தவங்க எத்தனையோ பேரு.

ஆனா எங்க பிரிக்கணுமோ அங்க ஊர்க்காரங்க கரெக்டா பிரிச்சு வச்சிருக்காங்க. கரண்டு போன உடனே ஒருத்தராச்சும் வாசலுக்கு வந்து எட்டிப் பாப்பாங்க, "நம்ம வீட்ல மட்டுமா, ஊருக்கேவா?" இது சும்மா வேடிக்கை இல்ல, எங்க தொழில்ல மொத டெஸ்டே இதுதான். நம்ம வீட்ல மட்டும்னா பீஸ் போச்சு, அதாவது கரண்டு ஜாஸ்தியானா உருகி அந்து போற கம்பி. நம்ம வீடும் எதிர் வீடும் இருட்டு, பக்கத்து வீட்ல எரியுதுன்னா பேஸ் போச்சு, அதாவது ஊருக்குக் கரண்டு கொண்டு வர்ற மூணு கம்பில ஒண்ணு. ஊரே இருட்டுன்னா லைன் போச்சு, இல்லன்னா டிரான்ஸ்பார்மர்ல ஏதோ. மீட்டர் போர்டுல இருக்குற அந்த வெள்ளப் பீங்கான் கட்டைக்குப் பீஸ் கட்டைன்னு பேரு, பில்லு கட்டலன்னா வந்து புடுங்கிட்டுப் போறது அதத்தான், "பீஸப் புடுங்கிருவேன்"னு வம்புக்கு நிக்கறவங்க வாயில கூட அது வந்துருச்சு.

பீஸு பேஸு குழப்பம் எனக்கே ஒரு நாள் வேல வச்சிருச்சு. தாத்தா ஒருத்தர் போன் பண்ணி "பீசு போயிருச்சு தம்பி, மோட்டார் ஓட மாட்டேங்குது"ன்னாரு, சரி பீஸ் கம்பிதானேன்னு ரெண்டு மீட்டர் பீஸ் வயரப் பாக்கெட்ல போட்டுட்டு எட்டு கிலோமீட்டர் வண்டில போறேன், போய்ப் பாத்தா பீஸ் எல்லாம் நல்லாருக்கு. மோட்டார் ரூம்ல ஸ்டார்ட்டருக்கு மேல சேப்பு, மஞ்ச, நீலம்னு மூணு சின்ன பல்பு இருக்கும் பாருங்க, அதுல மஞ்ச மட்டும் செத்துக் கெடக்கு. அவரு சொன்னது பேஸு. ஏற்கனவே ரெண்டு பேஸ்ல ஓட்டிப் பாத்திருக்காரு, ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆகுதுன்னு பட்டனுக்கு ஒரு குச்சிய முட்டுக் குடுத்து வச்சிருக்காரு, மோட்டார் உம்ம்னு மொனகிட்டு நின்னுருக்கு, உள்ள காயில் கருகி வார்னிஷ் வாசம் ரூம் பூரா. ரெண்டு பேஸ்ல நிக்குற மோட்டார் மிச்ச ரெண்டு லைன்ல தாறுமாறா ஆம்பியர் இழுக்கும், பத்து நிமிஷம் போதும். ஒரு எழுத்து வித்தியாசத்துக்கு அவருக்கு ஒரு காயில் செலவு, எனக்கு ஒரு நாள் வேல.

விவசாயிங்களுக்கு "கரண்டு இருக்கா?"ங்கிற கேள்வியே பத்தாது. வீட்ல டிவி ஓடிட்டு இருக்கும், "கரண்டு இருக்குதுங்களா"ன்னா "இல்லீங்க, சிங்கிள் பேஸ்தான்"னு பதில் வரும், கேக்குற டவுன்காரங்களுக்கு மண்டை காஞ்சுரும். ஒரு காலத்துல தோட்டத்துக்கு மும்முனை, அதாவது த்ரீ பேஸ், பகல்ல 6 மணி நேரம், ராத்திரி 3 மணி நேரம்னு மொத்தம் 9 மணி நேரம் குடுப்பாங்க, மிச்ச நேரம் வீட்டு பல்பு எரியும், மோட்டார் ஓடாது. அதுக்குக் கெப்பாசிட்டர் போட்டு இல்லாத பேஸ உண்டாக்கி ஓட்டுனவங்களும் உண்டு, அந்த மோட்டாரெல்லாம் எங்கிட்டத்தான் வந்து சேரும், அத நான் குறை சொல்லக் கூடாது, சோறு போட்டது. ராத்திரி த்ரீ பேஸ் வர்ற நேரத்துக்கு எந்திரிச்சுப் போய்ப் பாம்பு கடிச்சவங்க கதை ஊருக்கு ஊரு இருக்கும், அப்புறம் ஆட்டோ சுவிட்ச் வந்துச்சு, த்ரீ பேஸ் வந்ததும் தானா மோட்டார எடுத்து விடும், இப்ப செல்போன்லயே போட்டுக்கறாங்க. எங்க அப்புச்சிக்கு (அம்மாவோட அப்பாவுக்கு) மட்டும் எந்த மெஷினும் தேவைப்படல, கட்டில்ல படுத்துக்கிட்டே "மூணு பேஸும் வந்துருச்சுடா"ம்பாரு, ரெண்டு தோட்டம் தள்ளி இருக்குற டிரான்ஸ்பார்மர் உறுமுற சத்தம் மாறுறத வச்சே கண்டுபுடிச்சிருவாரு.

ஷாக்குக்கும் ரெண்டு வார்த்தை வச்சிருக்காங்க, கவனிச்சிருக்கீங்களான்னு தெரியல. "கரண்டு அடிச்சிருச்சு"ன்னா தொட்டான், உதறி விட்டுருச்சு, ஆளு தப்பிச்சான். "கரண்டு புடிச்சிருச்சு"ன்னா கை விட முடியல. இது வெறும் பேச்சு அலங்காரம் இல்ல, வீட்டுக் கரண்டு செகண்டுக்கு 50 சுத்து மாறி மாறி ஓடுறது, அது தசைய இறுக்கிக்கும், கம்பிய உள்ளங்கையில புடிச்சிருந்தா விரல் தானா மூடிக்கும், மூளை விடுன்னு சொன்னாலும் கை கேக்காது. அதனாலதான் சந்தேகம்னா பொறங்கைல தொடுன்னு பழைய வயர்மேனுங்க சொல்லிக் குடுப்பாங்க, நான் அதுவும் வேண்டாம்னுதான் சொல்லுவேன், டெஸ்டர் வச்சுப் பாருங்க. "புடிச்சிருச்சு"ன்னு சத்தம் கேட்டா மொதல்ல மெயின ஆப் பண்ணணும், முடியலன்னா காஞ்ச மரக்கட்டை எதாச்சும் வச்சுத் தட்டி விடணும், பாசத்துல ஓடிப் போய்க் கையப் புடிச்சு இழுத்தவங்க கூடவே போயிருக்காங்க.

ஊர் வழக்குல எனக்கு ஆகவே ஆகாத வார்த்தைன்னா அது "எர்த் அடிக்குது". மிக்சியத் தொட்டா சுருக்குங்குது, கிரைண்டர்ல ஈரக்கை வச்சா விர்ர்ருங்குது, உடனே எர்த் அடிக்குதும்பாங்க. எர்த் எங்கயும் அடிக்காது, எர்த் சரியா இல்லாததாலதான் அடிக்குது. பேஸ் கசிஞ்சு மிஷினோட வெளிப் பாடிக்கு வந்துருக்கும், எர்த் ஒயர் நல்லாருந்தா அது மண்ணுக்குப் போயிரும், எர்த் இல்லன்னா உங்க ஒடம்பு வழியாப் போகும். பேரு தப்பா விழுந்ததால என்ன ஆச்சுன்னா, ஒருத்தர் "இந்த எர்த்தால தொல்லை"ன்னு மூணாவது பின்னையே ஒடச்சுப் போட்டுட்டு பிளக்க ரெண்டு பின்னோட மாட்டிருந்தாரு. வீட்டுக்குப் பின்னாடி எர்த் குழி இருந்தா வெயில் காலத்துல ரெண்டு கொடம் தண்ணி ஊத்துங்க, கரியும் உப்பும் போட்டு மூடுறது அந்த மண்ணு ஈரம் காயாம இருக்கத்தான்.

2008ல இருந்து நாலஞ்சு வருஷம் பவர்கட்டு உச்சத்துல இருந்தப்ப, 2012ல எல்லாம் சென்னைய விட்டு வெளிய வந்தா பாதி நாளுக்கு மேல கரண்டே இருக்காது, அப்பத்தான் இன்வெர்ட்டர், யூபிஎஸ்னு புதுசு புதுசா வார்த்தை வந்துச்சு. "கரண்டு இருக்கு"ங்கறதுக்கு எதிர்ப்பதமா "இன்வெர்ட்டர்ல ஓடுது"ன்னு ஒண்ணு சேந்துக்கிச்சு. 2016ல ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் வீட்டுக்கு இலவசம்னு ஆச்சு. அந்த வெள்ளக் கார்டுல ரீடிங் எழுதுறவரு வர்ற அன்னைக்கு 98ல நிக்குதா 104ல நிக்குதான்னு எட்டிப் பாத்தது தனி சொகம்.

இவ்வளவும் சொல்லிட்டு கரண்டுங்கற வார்த்தைல இருக்குற ஓட்டையச் சொல்லாம விட்டா தப்பு. "கரண்டு இல்ல"ன்னு நாம சொல்றது பல்பு எரியாததப் பாத்துத்தான். பல்பு எரியணும்னா பேஸும் வேணும், வந்த கரண்டு திரும்பிப் போற கம்பி நியூட்ரலும் வேணும். நியூட்ரல் எங்கயாச்சும் அந்து போயிருந்தா பல்பு எரியாது, பேன் ஓடாது, வீடு செத்த மாதிரி கெடக்கும், ஆனா பேஸ் முழுசா வந்துட்டு நிக்கும். சொல்லப் போனா பல்பு வழியா வந்து நியூட்ரல் ஒயர்லயும் நிக்கும், டெஸ்டர வச்சா பிளக் பாயிண்டோட ரெண்டு ஓட்டைலயும் எரியும். அந்த நேரத்துல "கரண்டுதான் இல்லையே"ன்னு ஸ்டூல் போட்டு ஏறுறவங்க எத்தன பேரு. லைன்மேனுங்க கம்பத்துல ஏறுறப்ப கீழ லைனோட ஏபி சுவிட்ச ஆப் பண்ணி, லைன் கிளியர்னு வேலை செய்ய அனுமதி வாங்கி, லைன மண்ணோட சேக்குற எர்த் ராடு மாட்டுறதும் இதுக்குத்தான், எவன் வீட்டு ஜெனரேட்டர்ல இருந்து பின்பக்கமா வருதோன்னு.

அதனால என் தொழில் புத்திக்கு, உங்க பையன் எழுதுன "எங்கள் வீட்டில் கரண்டு இல்லை"ல டீச்சர் சுழிச்சிருக்க வேண்டியது கரண்ட இல்ல, "இல்லை"ய. பையன் இன்னும் சின்னவன், இப்போதைக்கு பிளக் பக்கம் போக விடாதீங்க. கொஞ்சம் பெருசானதும் கடைல அம்பது ரூவாக்குள்ள ஒரு டெஸ்டர் வாங்கிட்டு வாங்க, மொதல்ல நல்லா எரியுற பாயிண்ட்ல வச்சு டெஸ்டர் வேல செய்யுதான்னு பாக்கச் சொல்லுங்க, அப்புறம் சந்தேகப்பட்ட எடத்துல, திரும்பவும் நல்ல பாயிண்ட்ல. மூணு தடவை. பக்கத்துல அப்பத்தாவையும் உக்கார வச்சுக்கங்க, "கரண்டு வந்துருச்சா கண்ணு"ன்னு அவங்க கேக்கறதுக்கு டெஸ்டரப் பாத்துட்டு அவன் பதில் சொல்லட்டும்.